காருக்குள்ளே ராத்தூக்கம்: கேள்வி பதில்

(தேவகோட்டையில் வக்கீல் தொழில். ராத்திரிப் பயணம் நிறைய. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.)

கே: சென்னையிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு வருகிறோம், ராத்திரி 2 மணி ஆகிவிடும். நடை திறக்கும்வரை காரிலேயே படுத்துக்கொண்டால் போலீஸ் கேஸ் போடுமா சார்?

ப: தூங்குவது குற்றம் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் அதற்குக் கவலை. கோயில் பார்க்கிங்கில் விட்டுவிட்டு, அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுங்கள். ரோந்துக்காரர் கண்ணாடியைத் தட்டினால் உள்விளக்கைப் போட்டு லைசென்ஸ், ஆர்.சி. காட்டுங்கள், டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். முறைத்துக்கொண்டு சட்டம் பேசினால்தான் வினை.

கே: அண்ணே, திருமயம் தாண்டி ரோட்டோரம் ஒதுக்கிப் போட்டால்?

ப: வேண்டாம்ப்பா. மற்றவர்களுக்கு ஆபத்தாக வண்டியை நிறுத்துவது 122-ஆம் பிரிவில் வரும். அபராதம் போனால் போகிறது, பின்னால் வருகிற லாரிக்காரனுக்கும் தூக்கம் வருமே! அதுவும் தைப்பூச சமயம் என்றால் பழனிக்குக் காவடியோடு நடக்கிற ஜனம் முழுக்க அந்த ஓரத்தில்தான் போகும். வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க்கில் கேட்டு நிறுத்து. வண்டி பழுதாகி தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033-க்குப் போன் போடு.

கே: பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாமே?

ப: 127-ஆம் பிரிவு. அது ஆளில்லாமல் விட்ட வண்டிக்கு. நோ பார்க்கிங் என்றால் பத்து நிமிஷம்கூடத் தாங்காது.

கே: காரைக்குடியில் கல்யாணம், கொஞ்சம் போட்டுவிட்டேன் என்று வையுங்கள். ஓட்டாமல் காரிலேயே படுத்தால் தப்பில்லையே?

ப: 185-ஆம் பிரிவு ஓட்டுவதை மட்டும் சொல்லவில்லை, ஓட்ட முயல்வதையும் சேர்த்துச் சொல்கிறது. 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்டியரிங் முன்னால் இன்ஜின் ஓட உட்கார்ந்திருந்தால் 'முயலவில்லை' என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னைத்தான் தேடி வருவீர்கள். பின்சீட்டில் படுங்கள், சாவியை மச்சானிடம் கொடுத்துவிடுங்கள்.

கே: கானாடுகாத்தானில் பெரிய வீட்டு வாசல் ஒன்று பூட்டியே கிடக்கிறது, அங்கே நிறுத்தலாமா?

ப: பூட்டிக் கிடந்தாலும் காவலுக்கு ஆள் இருக்கும். கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

கே: ஏசி போட்டுக்கொண்டு தூங்கலாமா, ஆச்சி வேறு கூட வருகிறார்கள்?

ப: இது சட்டமில்லை, உயிர். புகை கசிந்து உள்ளே வந்தால் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனைகூடக் கிடையாது. இன்ஜினை அணைத்துக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, கொசுவலைத் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஆச்சிக்கு ரூம் போட்டுவிடுங்கள்.