பாட்டு போனுக்குப் போய்விட்டது, பேச்சு மிச்சமிருக்கிறது

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் "எஃப்.எம். கேட்கிற பழக்கம் இன்னும் யாருக்காவது இருக்கிறதா?" என்று போகிற போக்கில் கேட்டு வைத்திருந்தேன். வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளிலும் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு.

கேள்வி: பாட்டு கேட்க யூடியூப் இருக்கிறது, ஸ்பாட்டிஃபை இருக்கிறது. விளம்பரத்தையும் அறிவிப்பாளர் பேச்சையும் சகித்துக்கொண்டு எதற்காக எஃப்.எம். கேட்க வேண்டும்? – கல்லூரி மாணவி, கும்பகோணம்

பாட்டுக்காக என்றால் கேட்க வேண்டாம்மா. இதை வானொலிக்காரர்களே இன்னும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதுதான் அவர்களுடைய முதல் சிக்கல்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆகாசவாணியில் அதற்கு இடமில்லாமல் செய்தார். நம் ஆட்கள் பேசாமல் ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கடைசியில் 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி சினிமாப் பாட்டுக்குத் தனி இடம் கொடுக்க வேண்டி வந்தது. அன்றைக்குப் பாட்டு யாரிடம் இருந்ததோ அவர்களிடம் நேயர்கள் போனார்கள். இன்றைக்குப் பாட்டு எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது, ஆக அந்த வியாபாரம் முடிந்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த பெரியவர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால், எந்தப் பாட்டு போட்டார்கள் என்று அவர் ஆரம்பிக்க மாட்டார். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயரைத்தான் முதலில் சொல்வார். இன்னொன்று, உங்கள் ஊர்க் கதை. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சாவூர் ஜில்லாவில் பரவியபோது விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், ஏனென்றால் அதைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டது வானொலியில்தான். ஆடுதுறை உங்களுக்குக் கூப்பிடு தூரம், தாத்தா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் எந்த வாய்க்கால் வரைக்கும் வந்திருக்கிறது, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எத்தனை நாளாகக் காத்துக் கிடக்கிறது, இதெல்லாம் ஸ்பாட்டிஃபை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. எஃப்.எம். சொல்கிறதா என்றால் அதுவும் பெரும்பாலும் இல்லை. சென்னையில் யாரோ தயாரித்த பட்டியலின்படி அதே பாட்டுகளைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கும் வரை உங்கள் கேள்வி நியாயமான கேள்விதான்.

கேள்வி: தனியார் எஃப்.எம். ஒன்றில் பல வருடமாக ஆர்.ஜே.யாக இருக்கிறேன். இப்போது தினமும் ரீல்ஸ் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். கேமரா முன்னால் டான்ஸ் ஆட எனக்கு வரவில்லை சார். – பெயர் வேண்டாம், கோவை

ஆட வேண்டாம். ரீல்ஸ் போடச் சொல்வதில் தப்பில்லை, அதைப் பார்த்தவர் அப்புறம் எங்கே போவார் என்று யோசிக்காமல் போடச் சொல்வதுதான் தப்பு. நீங்கள் ஆடி அது லட்சம் பேருக்குப் போய்ச் சேர்ந்தாலும், அதில் ஒருவர்கூட மறுநாள் காலை உங்கள் நிகழ்ச்சியைத் திருப்பவில்லை என்றால் உழைப்பு உங்களுடையது, லாபம் இன்ஸ்டாகிராமுடையது.

உங்கள் காலை நிகழ்ச்சியில் ஒரு நேயர் போனில் வந்து மனசைத் தொடுகிற மாதிரி, இல்லை வயிறு குலுங்கச் சிரிக்கிற மாதிரி மூன்று நிமிஷம் பேசியிருப்பார். அதை வெட்டி, கீழே எழுத்து ஓடவிட்டு, அவருடைய சம்மதத்தோடு போடுங்கள். முழுப் பேச்சு யூடியூபிலும் உங்கள் நிலையத்தின் ஆப்பிலும் இருக்கட்டும். இதற்கு நிகழ்ச்சி செய்யும்போதே கொஞ்சம் திட்டம் வேண்டும். நல்ல பேச்சுக்கு நடுவில் "மணி எட்டு பத்து, அவிநாசி ரோட்டில் நெரிசல்" என்று சொருகிவிட்டால் அந்தப் பகுதியை நாளைக்கு யாரும் கேட்க முடியாது. அன்றைக்கே செத்துப்போகிற விஷயம் தனியாக, ஒரு மாதம் கழித்தும் கேட்கக்கூடியது தனியாக என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ரேடியோவிலிருந்து பாட்காஸ்டுக்கு, அதாவது இணையத்தில் நினைத்தபோது கேட்கிற நிகழ்ச்சிக்குப் போய் ஜெயித்தவர்கள் பலரும் ஏதோ ஒரு வகையில் இதைச் செய்தவர்கள்தான்.

அப்புறம் ஒரு காரியம். அந்த வீடியோக்கள் உங்கள் கணக்கில் போகிறதா, கம்பெனி கணக்கில் போகிறதா என்பதை இப்போதே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறுகிற அன்றைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கேள்வி: நார்வேயில் எஃப்.எம்.மையே மூடிவிட்டார்களாமே, நமக்கும் அதுதான் கதியா? – வங்கி அலுவலர் (ஓய்வு), வேலூர்

மூடினார்கள், 2017இல். ஆனால் பாதிச் செய்திதான் இங்கே வந்து சேர்ந்தது. அங்கே மூடியது நாடு முழுவதற்குமான பெரிய அலைவரிசைகளை, சின்ன உள்ளூர் நிலையங்கள் பல எஃப்.எம்.மிலேயே தொடர்ந்தன. மூடியதற்குப் பதிலாக இன்டர்நெட்டும் வரவில்லை, 'டேப்' (DAB) என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு வந்தது. அதுவும் கோபுரத்திலிருந்து காற்றில் வருவதுதான். மலையும் கடற்கழியுமாகக் கிடக்கிற அந்த நாட்டில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வைத்துக் கட்டுப்படியாகவில்லை. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமும் 2024 கடைசி நாளோடு எஃப்.எம்.மை நிறுத்தியது. நிறுத்தியதும் நேயர் எண்ணிக்கை சரிந்ததைப் பார்த்து அங்குள்ள தனியார் நிலையங்கள் தயங்கி நின்றுவிட்டன.

நம் நாட்டில் ஆகாசவாணி டி.ஆர்.எம். என்ற முறையில் 30க்கும் மேற்பட்ட மத்திய அலை (மீடியம் வேவ்) டிரான்ஸ்மிட்டர்களை டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. புதுக் கார்கள் பலவற்றில் அதைப் பிடிக்கிற வசதியும் இருக்கிறது. கடையில் போய் ஒரு டி.ஆர்.எம். ரேடியோ கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பெட்டி கைக்கு வருவதற்கு முன்னாலேயே ஒலிபரப்பு ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து தமிழ் பாட்காஸ்ட் தொடங்குகிறோம். பழைய பாட்டுகளை நடுநடுவே 30 வினாடி போட்டால் பிரச்சினை வராதுதானே? எஃப்.எம்.மில் போடுகிறார்களே! – இளைஞர், பாளையங்கோட்டை

தம்பி, அந்த '30 வினாடி' கணக்கு சட்டத்தில் எங்கேயும் இல்லை. யாரோ கிளப்பிவிட்டது, ஊரெல்லாம் நம்புகிறது.

எஃப்.எம்.மில் போடுவது வேறு. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 31டி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதன்படி ஒலிபரப்பு நிலையம் முன்கூட்டியே அறிவித்து, நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டால் வெளியான பாட்டைப் போடலாம், கம்பெனியிடம் போய் ஒவ்வொரு பாட்டுக்கும் பேரம் பேச வேண்டியதில்லை. இந்தச் சலுகை இன்டர்நெட்டுக்குப் பொருந்தாது என்று 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எஃப்.எம். நிலையங்களின் நிகழ்ச்சிகள் பாட்காஸ்டாக வரும்போது பாட்டு மட்டும் காணாமல் போயிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணமே இதுதான். பாட்டை எடுத்துவிட்டால் நிகழ்ச்சியில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்பதும் பல நிலையங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது!

60 வருடத்துக்கு முந்தைய ஒலிப்பதிவு என்றால் பதிவின் உரிமை முடிந்திருக்கலாம். ஆனால் பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை அவர்கள் காலமான பிறகும் 60 வருடம் ஓடும். பழைய பாட்டுதானே என்று கை வைக்காதீர்கள். உங்கள் தெருவிலேயே புல்லாங்குழலோ தவிலோ வாசிக்கிற ஒருவர் இருப்பார், அவருக்குக் காசு கொடுத்து ஒரு முகப்பு இசை செய்து, உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே கையோடு, ஆர்.எஸ்.எஸ். ஓடை உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். (கட்சிக்காரர்கள் பதற வேண்டாம், இது பாட்காஸ்ட் எல்லா ஆப்புக்கும் போய்ச் சேருகிற வழியின் பெயர்.) கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் கடையை மூடியது. ஓடையைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள் வேறு ஆப்புகளில் அப்படியே தொடர்ந்தார்கள். பதிவு செய்ய ஸ்டுடியோ வேண்டாம், மெத்தையும் துணி நிறைந்த அலமாரியும் உள்ள ஒரு அறை போதும். ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள், பாளையங்கோட்டை வெயிலில் அது கஷ்டம்தான்.

கேள்வி: ஏ.ஐ. குரல் வந்துவிட்டது, இனி ஆர்.ஜே. எதற்கு? – மென்பொறியாளர், ஓசூர்

போலந்தில் கிராக்கோவ் நகரத்து வானொலி ஒன்று 2024 அக்டோபரில் இதைச் செய்து பார்த்தது. ஆட்களுக்குப் பதில் 3 ஏ.ஐ. அறிவிப்பாளர்கள். போதாததற்கு, 2012இல் காலமான நோபல் பரிசுக் கவிஞர் விஸ்லாவா சிம்போர்ஸ்காவிடம் 'பேட்டி' வேறு எடுத்து ஒலிபரப்பினார்கள். ஊரே சண்டைக்கு வந்தது. ஒரு வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். தங்க விலை, வெப்பநிலை, ரயில் நேரம் இதையெல்லாம் இயந்திரம் வாசித்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ராத்திரி 11 மணிக்கு லாரி ஓட்டுகிறவர் போன் போட்டுப் பேச ஆசைப்படுவது இன்னொரு மனுஷனிடம்.

கேள்வி: தனியார் எஃப்.எம்.மில் ஏன் செய்தியே வருவதில்லை? – இல்லத்தரசி, தர்மபுரி

சொந்தமாகச் செய்தி தயாரிக்க அவர்களுக்கு அனுமதி இல்லைம்மா. ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், போக்குவரத்து, வானிலை, உள்ளூர் விளையாட்டு வர்ணனை சொல்லலாம். மணிக்கு 10 நிமிஷம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. டி.வி.யில் 24 மணி நேரமும் கத்தலாம், யூடியூபில் யார் வேண்டுமானாலும் செய்தி வாசிக்கலாம், எஃப்.எம். மட்டும் கூடாது என்பதற்கு உருப்படியான ஒரு காரணத்தை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கேள்வி: கடலுக்குப் போகிறவன் நான். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதுமே போனில் டவர் போய்விடுகிறது. எல்லாமே ஆப், யூடியூப் என்று போய்விட்டால் எங்கள் கதி என்ன அண்ணே? – நாகப்பட்டினம் மாவட்டம்

டிஜிட்டல் டிஜிட்டல் என்று பேசுகிற கூட்டங்களில் உங்கள் கேள்வியைத்தான் முதலில் படித்துக்காட்ட வேண்டும் தம்பி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரண்ட் போச்சு, செல்போன் கோபுரம் போச்சு. அந்த மாதிரி நேரத்தில் இரண்டு பேட்டரி போட்ட ரேடியோதான் உதவி, அதுவும் ஒலிபரப்புகிற நிலையம் ஜெனரேட்டரோடு தயாராக இருந்தால்.

பல போன்களிலேயே எஃப்.எம். சில்லு இருக்கும், டேட்டா வேண்டாம், இயர்போன் ஒயரே ஆன்டெனா. ஆனால் பல கம்பெனிகள் அதை முடக்கி வைத்து விற்க ஆரம்பித்தன. 2023இல் மத்திய மின்னணுத் துறை, அப்படி முடக்காதீர்கள் என்று போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அறிவுரைதான், கட்டாயம் இல்லை. அடுத்த போன் வாங்கும்போது எஃப்.எம். வேலை செய்கிறதா, இயர்போன் குத்துகிற துளை இருக்கிறதா என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' என்று 90.4இல் சமுதாய வானொலி 2016இலிருந்து நடக்கிறது. காற்று, அலை உயரம், மீன்பிடித் தொழில், கடலைப் பாதுகாப்பது என்று அவர்களுடைய பேச்சிலேயே நிகழ்ச்சி. சமுதாய வானொலிக்கு அனுமதித்த சக்தி 100 வாட்தான், 10, 15 கிலோமீட்டர் தாண்டினால் கேட்காது. பெரிய நிலையங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இவர்களிடம்தான் என்பேன், ஏனென்றால் யாருக்காகப் பேசுகிறோம் என்ற குழப்பமே இவர்களுக்கு இல்லை. காசுதான் பிரச்சினை. மணிக்கு 7 நிமிஷம் என்றிருந்த விளம்பர நேரத்தை 2024இல் 12 நிமிஷமாக்கியிருக்கிறார்கள். உள்ளூர் ஐஸ் பாக்டரியும் வலைக் கடையும் விளம்பரம் கொடுத்தால் தாக்குப்பிடிக்கலாம். உங்கள் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்று சேர்ந்து கேட்டால் உங்களுக்கும் ஒரு நிலையம் கிடைக்க வழி இருக்கிறது. பதிவு பெற்று குறைந்தது மூன்று வருடம் ஊர்ப்பணி செய்திருக்கிற அமைப்பாக இருக்க வேண்டும், அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: பி.பி.சி. தமிழோசையையும் ஆகாசவாணி நாடகங்களையும் கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறேன். இனி இதனால் யாருக்குப் பிரயோஜனம்? – ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், காரைக்குடி

நிறையப் பேருக்கு, ஐயா. 1941இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு வானொலியில் நின்றுபோனது. இன்று பி.பி.சி. தமிழ் இணையத்திலும் யூடியூபிலும் இருக்கிறது, வளர்ந்தும் இருக்கிறது. ஆனால் 76 வருடம் காற்றில் போனதில் எவ்வளவு இன்றைக்கு ஒரு சாதாரண நேயர் தேடிக் கேட்கிற மாதிரி இருக்கிறது? ஆகாசவாணி நிலையங்களின் அலமாரிகளும் அப்படித்தான். எந்தப் புது ஆப்பாலும் காசு கொடுத்து வாங்க முடியாத சரக்கு வானொலியிடம் இருப்பது அங்கேதான். ஆகாசவாணியை நடத்துகிற பிரசார் பாரதி தன் சேகரிப்பிலிருந்து இணையத்தில் ஏற்றி வருகிறது, ஆனால் வேகம் போதாது. ஏற்றுகிறபோது யார் பேசினார்கள், எந்த வருடம், எந்த நிலையம் என்று தமிழில் எழுதிப் போட்டால்தானே தேடுகிறவன் கண்ணில் படும்?

உங்கள் கேசட்டுகளைப் பொறுத்தவரை, பூஞ்சை பிடித்திருந்தால் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள், டேப்பும் போகும், பிளேயரின் ஹெட்டும் போகும். நன்றாக இருப்பவற்றை கம்ப்யூட்டரில் வேவ் கோப்பாக ஏற்றி இரண்டு இடத்தில் வையுங்கள், கேட்பதற்கு மட்டும் எம்.பி.3. கேசட் உறையில் எழுதியிருக்கிற தேதியையும் பெயரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் பொறுங்கள், உரிமை அந்த நிறுவனங்களுடையது. பட்டியலோடு அந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அவர்களிடமே பிரதி இல்லாத நாடகம் ஒன்று உங்கள் பெட்டியில் இருக்கவும் வாய்ப்பு உண்டு.