வேட்டை ரைபிள் வாங்கும் முன்: கேள்வி-பதில்

போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்களில் (போல்ட் என்ற எஃகு உருளையை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுபவை) எது சிறந்தது?

எந்த மிருகம், எவ்வளவு தூரம், எவ்வளவு எடை சுமக்க முடியும் என்று ஒன்றுமே எழுதவில்லை. அதை எழுதுங்கள், பதில் தருகிறேன்.

சில ரைபிள்களில் போல்ட் கைப்பிடியை 60 டிகிரி தூக்கினால் போதும் என்கிறார்கள். 90 டிகிரியை விட நல்லதா?

கைப்பிடிக்கும் ஸ்கோப்புக்கும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) நடுவே விரலுக்கு இடம் கிடைக்கும். ஆனால் சுடும் ஊசியின் ஸ்பிரிங்கைக் குறைந்த தூரத்திலேயே இழுத்து ஏற்ற வேண்டும், அதனால் தூக்கக் கனமாக இருக்கும். தோளில் வைத்தபடியே பத்து முறை இயக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

1964க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 என்று சொல்லி விற்றார்கள். வரிசை எண் 7 லட்சத்துக்கு மேல் இருக்கிறது.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த எண் பிந்தைய தயாரிப்பு. 1936ல் வந்த மாடல் 70ல், மௌசர் 98 என்ற பழைய ஜெர்மன் ரைபிளில் உள்ளதுபோல, போல்ட்டின் பக்கத்தில் நீண்ட எஃகு நகம் உண்டு. தோட்டா மேகசினை (தோட்டாப் பெட்டி) விட்டு எழும்போதே அதன் விளிம்பை அது பிடித்துக்கொள்ளும். 1964ல் செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டார்கள். 1990களில் நகம் திரும்பி வந்தது, ஆகவே நகத்தை மட்டும் பார்த்தும் நம்ப முடியாது. விற்றவர் அனுப்பிய விளம்பரத்தையும் செய்திகளையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். விட்டுவிடாதீர்கள்.

டிக்கா டி3எக்ஸ் ரைபிள் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டால் போல்ட் திறக்கவில்லை. பழுதா?

பழுதில்லை, அமைப்பே அப்படித்தான். இரண்டு வருடமாகக் கையேட்டைத் திறக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். போல்ட்டையும் பூட்டும் சேஃப்டியில் ஒரு நன்மை உண்டு: புதருக்குள் நடக்கும்போது கைப்பிடி எதிலும் மாட்டித் திறந்துகொள்ளாது. ஆனால் வேட்டை முடிந்து குழலின் பின்முனையில் ஏற்றியிருக்கும் தோட்டாவை எடுக்க, முதலில் சேஃப்டியைச் சுடும் நிலைக்குத் தள்ள வேண்டும். களைத்த கை, குளிரில் மரத்த விரல், பக்கத்தில் ஆட்கள். ரெமிங்டன் 700லும் 1982 வரை இதே ஏற்பாடுதான். மாடல் 70ன் மூன்று நிலைச் சேஃப்டியில் நடுநிலை இதற்காகவே இருக்கிறது: சுடும் ஊசி பூட்டியிருக்கும், போல்ட் திறக்கும். விலை குறைந்த ரூகர் அமெரிக்கனில்கூட சேஃப்டி போட்டபடியே தோட்டாவை எடுக்கலாம். பிறகு மற்ற நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன? கடையில் எல்லோரும் துல்லியத்தைக் கேட்கிறார்கள், இதை ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். அதுவரை குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, விரலை விசைக்கு வெளியே வைத்துத் தோட்டாவை எடுங்கள்.

பழைய ரெமிங்டன் 700 வாங்கினேன். ரீகால் பற்றி விற்றவர் சொல்லவே இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரித்த எக்ஸ்-மார்க் ப்ரோ விசைகளை, விசையைத் தொடாமலே சுடும் ஆபத்து இருந்ததால், நிறுவனமே திரும்பப் பெற்றது. சரிபார்க்கும் வரை தோட்டா போடாதீர்கள்.

பையில் சாய்த்துச் சுட்டால் குண்டு ஓர் இடத்தில் படுகிறது, தோள்வாரை இறுக்கிச் சுட்டால் வேறு இடத்தில். ஸ்கோப்பை மாற்றவா?

வேண்டாம். நானும் எடை குறைவு என்று பிளாஸ்டிக் கட்டை (குழலைத் தாங்கி, தோளில் வைக்கும் பகுதி) உள்ள ஒன்றை வாங்கி, ஸ்கோப்பைக் குறை சொல்லியே ஒரு பருவம் முழுக்க வீணாக்கினேன். கட்டையின் முன்பகுதி வளைந்து குழலைத் தொட்டுக்கொண்டிருந்தது. தோட்டா இல்லாத துப்பாக்கியில், வாரை இழுத்துப் பிடித்தபடி குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் சிக்கினால் கட்டையைத்தான் மாற்ற வேண்டும்.

கழற்றும் மேகசின் வாங்கலாமா?

வாங்கலாம். அன்றைக்கே இன்னொரு மேகசினும் சேர்த்து வாங்குங்கள்.