கம்பெனிச் சான்றிதழ் உள்ளவரிடம்தான் கூரை வேலையைக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: மண்டபத்தில், கடலிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தூரத்தில் எங்கள் வீடு உள்ளது. மொட்டை மாடியில் இரும்புக் கம்பம் நிறுத்தி, பக்கங்களைத் திறந்தே விட்டு, கலர் ஷீட் கூரை போட இருக்கிறோம். இராமநாதபுரத்திலிருந்து வந்த ஒப்பந்ததாரர் ஒருவர், ஷீட் தயாரிக்கும் நிறுவனம் தந்த சான்றிதழைக் காட்டி, கூடுதல் தொகை கேட்கிறார். எங்கள் ஊரில் பல வருடங்களாக ஷீட் போட்டுவரும் வெல்டர் குறைவாகக் கேட்கிறார். அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. யாரிடம் கொடுப்பது நல்லது?

பதில்: சான்றிதழுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பது, அந்த நிறுவனத்தின் வாரண்டி உங்கள் வீட்டுக்குச் செல்லுமா செல்லாதா என்பதைப் பொறுத்தது. ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வாரண்டித் தாளை வாங்கி முழுவதும் படியுங்கள்.

அமெரிக்காவில் கூரை ஓடு தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள், தங்களிடம் பதிவுபெற்ற ஒப்பந்ததாரர் போட்ட கூரைக்கு மட்டுமே நீட்டித்த வாரண்டி தருகின்றன. அதில் சில, வேலைக் குறையையும் சேர்த்து ஈடுசெய்கின்றன. அங்கே சான்றிதழைப் பார்த்து ஆளை அமர்த்துவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஷீட்டுக்குக் கிடைக்கும் வாரண்டி பெரும்பாலும் பொருளுக்கு மட்டும்தான். அதை மாட்டியவரின் வேலைக்கு நிறுவனம் பொறுப்பேற்பது அரிது. மேலும், சான்றிதழ் என்று காட்டப்படுவது விற்பனை முகவர் என்பதற்கான தாளாகவோ, ஒருநாள் பயிற்சியில் கலந்துகொண்டதற்கான தாளாகவோகூட இருக்கலாம். அதிலுள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் நேரடியாக இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இவர் இப்போதும் உங்களிடம் பதிவில் உள்ளவரா? இவர் போட்டால் எனக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கும்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், அந்தத் தாளுக்காக ஒரு ரூபாயும் கூட்டித் தர வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது கடல் தூரம். கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள கட்டடங்களை வாரண்டியிலிருந்து விலக்குவது, அல்லது அவற்றுக்குத் தனி ரக ஷீட்டைக் கட்டாயமாக்குவது, இந்தத் தொழிலில் வழக்கம். மண்டபத்தில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடலின் உப்பும், வாடை (வடக்கிலிருந்து வரும் காற்று) அடித்தால் வடகடலின் உப்பும் வந்து சேர்கின்றன. காரைக்குடியிலுள்ள சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தன் அரிப்பு ஆய்வு நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதே இந்தக் காற்றின் தன்மைக்குச் சான்று. எனவே வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்பதையும், கூரையின் பக்கங்கள் திறந்திருக்கும் என்பதையும் எழுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்லும் பத்து வருடம், பதினைந்து வருடம் எதுவும் பின்னால் உதவாது. வாரண்டி செல்லும் என்று பதில் வந்தாலும், ஈடாகக் கிடைப்பது புது ஷீட் மட்டும்தானா, கழற்றி மாட்டும் கூலியும் சேர்ந்ததா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். கடலோரத்தில் ஷீட் கூரை பெரும்பாலும் திருகு, வெட்டிய விளிம்பு, வெல்டிங் செய்த இடம் ஆகிய மூன்றிலிருந்துதான் கெடத் தொடங்குகிறது. மூன்றும் மாட்டுபவரின் கையில் இருப்பவை. சாதாரணத் துத்தநாகப் பூச்சுத் திருகின் பூச்சு சில மைக்ரான் கனம்தான். உப்புக் காற்றில் அதன் தலை சீக்கிரம் துருப்பிடித்து, அந்தத் துரு ஷீட்டின் மேல் வழியும். சரி, ஸ்டெயின்லெஸ் திருகு போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அலுமினிய–துத்தநாகப் பூச்சுள்ள கால்வலூம் ஷீட்டில் ஸ்டெயின்லெஸ் திருகு உப்பு ஈரத்தோடு சேரும்போது, இரு உலோகங்களின் வேறுபாட்டால் துளையைச் சுற்றியுள்ள பூச்சுதான் முதலில் அரிக்கப்படுகிறது. ஆகவே கடலோரத்துக்கென்று ஷீட் நிறுவனமே பரிந்துரைக்கும் திருகைத்தான் வாங்க வேண்டும்; அதன் வாஷர் இ.பி.டி.எம் எனப்படும் செயற்கை ரப்பராக இருக்க வேண்டும். வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் ரப்பர் வெயிலில் வெடித்து, மழை நீர் துளை வழியே இறங்கும்.

ஷீட்டை மாடியிலேயே கிரைண்டரில் வெட்டும் பழக்கம் பரவலாக உள்ளது. தீப்பொறியின் சூட்டில் விளிம்பருகே உள்ள பூச்சு கருகிவிடுகிறது. சிதறும் இரும்புத் துகள்கள் ஷீட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, ஓரிரு நாளிலேயே செம்புள்ளிகளாகத் தெரியும். அளவெடுத்து, தேவையான நீளத்திலேயே ஆலையில் வெட்டி வாங்குவதுதான் சரி. தவிர்க்க முடியாத இடத்தில் கத்தரியாலோ நிப்ளர் என்ற தகடு வெட்டும் கருவியாலோ வெட்டி, அன்று மாலையே மேற்பரப்பைப் பெருக்கிவிட வேண்டும்.

காற்றையும் மறக்கக் கூடாது. பக்கம் திறந்த கூரையைக் காற்று அடியிலிருந்து தூக்கும். அதே நேரத்தில் மேலிருந்தும் உறிஞ்சும். ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த விசை மிக அதிகம் என்பதால், அங்கே திருகுகள் நெருக்கமாக விழ வேண்டும். ஷீட்டைத் தாங்கும் சட்டங்களின் இடைவெளியும் குறைய வேண்டும். கம்பத்தைக் கைப்பிடிச் சுவரில் மட்டும் பதித்து நிறுத்துவது ஆபத்தானது. அடித்தகடு கான்கிரீட் தூணின் தலையிலோ பீமின் மேலோ உட்கார்ந்து, ஆங்கர் போல்ட்டால் இறுக்கப்பட வேண்டும். இதற்கு ஒரு பொறியாளரிடம் வரைபடம் வாங்கும் செலவை வீண் செலவாக நினைக்காதீர்கள்.

ஷீட்டைப் பொறுத்தவரை, அலுமினிய–துத்தநாகப் பூச்சுள்ள கலர் ஷீட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 15965 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த உலோகப் பூச்சு சதுர மீட்டருக்கு 150 கிராம் என்றால் அது இரு பக்கமும் சேர்ந்த கணக்கு. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரான்தான் வரும். இதற்குக் குறைந்த பூச்சை உங்கள் தூரத்தில் போட வேண்டாம். கனத்தை வெறும் இரும்பின் கனமாகச் சொல்கிறார்களா, பூச்சோடு சேர்த்துச் சொல்கிறார்களா என்றும் கேளுங்கள். இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிடும்போது விலை வித்தியாசம் பல நேரம் இதில்தான் ஒளிந்திருக்கும்.

உங்கள் ஊர் வெல்டரிடம், மூன்று நான்கு வருடங்களுக்கு முன் கடலுக்கு இன்னும் அருகில் அவர் போட்ட ஒரு கூரையைக் காட்டச் சொல்லுங்கள். மேலே பார்ப்பதைவிட அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்; மேற்புறத்து உப்பை மழை கழுவிவிடும், அடிப்புறத்தில் அது அப்படியே தங்கும். திருகு நுனிகளும் பைப் வெல்டிங்குகளும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தாலே அவருடைய கைத்திறன் தெரிந்துவிடும். சான்றிதழ்க்காரருக்கும் இதே சோதனைதான். அவர் காட்டும் கூரைகள் எல்லாம் பரமக்குடியிலும் மதுரையிலும் இருந்தால், அந்த அனுபவம் மண்டபத்துக்குப் போதாது.

வாரண்டி உங்கள் தூரத்துக்குச் செல்லும், அது பதிவுபெற்றவர் மாட்டினால்தான் கிடைக்கும் என்று நிறுவனம் எழுதித் தந்தால், கூடுதல் தொகை நியாயமானது. சான்றிதழ் உள்ளவரிடமே கொடுங்கள். அப்படி இல்லையென்றால், பழைய வேலை திருப்தியாக இருக்கும்பட்சத்தில் உள்ளூர் வெல்டரிடம் கொடுத்து, மிச்சமாகும் பணத்தை நல்ல திருகுக்கும் கனமான பூச்சுக்கும் செலவிடுங்கள் என்பதே என் கருத்து. யாரிடம் கொடுத்தாலும் ஷீட்டின் ரகம், பூச்சு, கனம், திருகின் வகை ஆகியவற்றை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள், ஷீட்டுக்கான ஜி.எஸ்.டி. பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேலையை முடித்து, கூலியில் ஒரு பகுதியை முதல் பெருமழை பெய்து ஒழுகல் இல்லை என்று பார்த்த பிறகு தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கோடையில் மாதம் ஒருமுறை அடிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்; உவர்ப்பான போர் தண்ணீரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.