பேய் நடமாட்டம் இருக்கிறது என்கிற பழைய வீட்டில் ஓர் இரவு தங்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கல்யாண நாளுக்காக என் கணவர் பாண்டியில், கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள், அதில் மாடி அறை போட்டுவிட்டார். பங்குனியில் போகிறோம். முன்னூறு வருஷத்து வீடாம், ராத்திரியில் ஒரு வெள்ளைக்காரம்மா நடக்கிற சத்தம் கேட்குமாம். இதைக் கேட்டதிலிருந்து மாமியார் வரமாட்டேன் என்கிறார். எட்டு வயது மகளும் வருகிறாள். போகலாமா, கேன்சல் பண்ணிவிடலாமா?

பதில்: போகலாம் அம்மா, கேன்சல் பண்ண வேண்டாம். ஆனால் மாமியாரிடம் "எல்லாம் பிரமை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில், மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று கூப்பிட்டு நான் போய்ப் பார்த்த வீடுகளில் சத்தம் நிஜமாகவே இருந்தது, கேட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் அந்த முன்னூறு வருஷக் கணக்கு. 1761-ல் ஆங்கிலேயர்கள் பாண்டியைப் பிடித்து ஊரையே தரைமட்டமாக்கினார்கள், 1765-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி வந்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். இன்று நீங்கள் பார்க்கிற வீடுகள் அதற்குப் பிறகு எழுந்தவை.

அவற்றின் கூரையை மெட்ராஸ் டெரஸ் என்போம். தேக்கு உத்திரம், அதன் குறுக்கே நெருக்கமாகக் கட்டைகள், மேலே மெல்லிய செங்கலைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாக்கில் நிறுத்தி, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்துக் கெட்டித்த தளம். பகல் முழுக்க வெயில் வாங்கிய இந்தத் தளம் ராத்திரி மெல்லக் குளிரும்போது மரமும் சுண்ணாம்பும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, அதனால் கட்டை உட்கார்ந்திருக்கிற இடத்தில் டக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அப்புறம் அடுத்த கட்டையில். படுத்துக்கொண்டு கேட்டால் ஒருவர் நிதானமாக அடி வைத்து நடப்பது மாதிரியேதான் இருக்கும். மரநாய் நுழைந்திருந்தால் அது ஓடுகிற சத்தம் வேறு, தடதடவென்று இருக்கும்.

பங்குனியில் இன்னொன்றும் உண்டு. சாயங்காலம் கடல்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், ஜன்னல் பலகைகளை அதற்குத் தகுந்த மாதிரி சாத்திவிட்டுப் படுப்பீர்கள். நடு ராத்திரிக்கு மேல் அது அடங்கி, நிலத்திலிருந்து காற்று திரும்பும். அதுவரை சும்மா இருந்த மேற்குப் பக்கக் கதவு அப்போதுதான் அடித்துக்கொள்ளும். எல்லாக் கொண்டிகளையும் மாட்டச் சொல்லுங்கள், மாட்டியும் ஆடுகிற கதவின் இடுக்கில் காகிதத்தை மடித்துச் செருகுங்கள். சாக்குருவி என்று பயப்படுகிறோமே, அந்தக் கூகை கத்தினால் நிஜமாகவே மனுஷர் அலறுவது போலிருக்கும், இதை மட்டும் மாமியாரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் ஒரு பாதி முழுசாகத் தூங்குவதில்லை என்று 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது, அதனால் சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வரும். அப்படி விழிக்கும்போது சில பேருக்குக் கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பேய் அமுக்குகிறது என்பார்கள். கனவு காணும் நேரத்தில் உடம்பு தானாகத் தளர்ந்து கிடக்கும், அந்தத் தளர்ச்சி விலகுவதற்குள் நினைவு வந்துவிட்டால் இப்படி ஆகும். பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்துக்குள் விலகிவிடும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தால் வருவது குறையும்.

நான் பயப்படுகிறது வேறு விஷயங்களுக்கு. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறதா, கரண்ட் போனால் ஓடுகிற ஜெனரேட்டரின் புகை எந்தப் பக்கம் போகிறது என்று கட்டாயம் கேளுங்கள். வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1921-ல் ஒரு குடும்பத்தின் கதையைப் பதிவு செய்தார்: காலடிச் சத்தம், யாரோ கூடவே இருக்கிற உணர்வு, தலைவலி. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. தங்குகிற இடத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், தலை சுற்றினால், உடனே எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம் கட்டடம். 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டடமே, அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடமே, இடிந்து விழுந்தது, இப்போது இருப்பது புதிதாகக் கட்டியது. அதனால் அறைக்குள் போனதும் கட்டிலுக்கு நேர் மேலே நிமிர்ந்து பாருங்கள். சுவர் ஓரத்தில், உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில், கறுப்பாக ஈரக் கறை இருந்தாலோ, மரம் மாவு மாதிரி உதிர்ந்தாலோ, வேறு அறை கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். சுவரின் கீழ்ப்பக்கம் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் பயமில்லை, கடலோர வீடுகளில் அது சகஜம், ராத்திரி வெளிச்சத்தில் முகம் மாதிரிகூடத் தெரியும். மாடி வராந்தாவின் கைப்பிடிச் சுவர் உங்கள் மகளின் நெஞ்சு உயரத்துக்காவது இருக்க வேண்டும், மர அளி என்றால் கையால் ஆட்டிப் பாருங்கள்.

இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், நாலு மணிக்குப் போனால் நல்லது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு, மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு மாடி வரைக்கும் ஒரு சுற்று வாருங்கள். எந்தக் கதவு ஆடும், எந்தப் படி கிரீச்சிடும் என்று தினமும் அங்கே படுக்கிறவருக்குத் தெரியும். பெண்ணுக்கு வெள்ளைக்காரம்மா கதையைச் சொல்ல வேண்டாம்.

மாடி அறைக்குப் பதிலாகக் கீழே, முற்றத்தை ஒட்டிய அறை கிடைக்குமா என்று இன்றே விடுதிக்குப் போன் போட்டுக் கேளுங்கள், பெரியவருக்குப் படி ஏறுகிற சிரமமும் இருக்காது. இவ்வளவுக்குப் பிறகும் மாமியாருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பக்கத்திலேயே சாதாரண லாட்ஜில் அவருக்கும் பேத்திக்கும் ஒரு அறை போட்டுவிட்டு, நீங்கள் இரண்டு பேர் மட்டும் அங்கே தங்குங்கள்.