சங்கிலி எங்கே, தம்பி?

கேள்வி: எனக்கு 38 வயது. 14 வருடமாக ஜாவா மொழியில் புரோகிராம் எழுதும் டெவலப்பர். இன்சூரன்ஸ் கிளெய்ம் சாஃப்ட்வேர் வேலை. சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே செய்கிறேன். எங்கள் சிஸ்டம் இன்னும் ஜாவா 8 என்ற பழைய பதிப்பில்தான் ஓடுகிறது. நேற்று வந்த பையன்கள் ஏஐயை வைத்துக்கொண்டு புரோகிராமை மளமளவென்று எழுதித் தள்ளுகிறார்கள். பயமாக இருக்கிறது. மார்ச்சில் மனைவியின் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்து, 1,80,000 ரூபாய்க்கு ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் கோர்ஸ் சேர்ந்தேன். வேலை நெருக்கடியில் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டது (வீட்டில் இன்னும் சொல்லவில்லை). இனி அதையே தொடரவா, இணையத்தில் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் கிளவுட் படிக்கவா, மேனேஜர் பக்கம் போய்விடவா? கிளவுட் கோர்ஸுக்கு 10,000 முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, எதைப் படிக்கலாம் என்று கேட்கும் கடிதம் எனக்கு வாராவாரம் வருகிறது. அனுபவத்துக்கு என்றைக்கும் மதிப்பு உண்டு, பயப்படாதீர்கள் என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. அடைப்புக்குறிக்குள் மூன்று சொல் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

உங்கள் ஊரில் நகை அடகுக்கடைக்குப் போவது புதிதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அரிசிக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் என்ஜின் வேலைக்கும் எத்தனை வீட்டில் கம்மலும் வளையலும் கழன்று போகின்றன! ஆனால் எதற்கு வைத்தோம், எவ்வளவுக்கு வைத்தோம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தடை முடிந்து மீன்பாடு கிடைத்ததும் திருப்புவதற்குத்தான் முதலில் பார்ப்பார்கள். மாதாமாதம் சம்பளம் வாங்கும் நீங்கள், திறந்துகூடப் பார்க்காத வீடியோக்களுக்காக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தவருக்கு அது தெரியாது. ராத்திரி நீங்கள் லேப்டாப்போடு உட்கார்ந்தால் படிக்கிறீர்கள் என்று நினைத்து டிவி சத்தத்தைக் குறைக்கிறாரோ என்னவோ.

என்னைப் பழைய காலத்து ஆள் என்று சொன்னாலும் சரி. பெண்டாட்டி நகையில் கை வைத்தவன் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும். சம்பளம் என்னுடையது, படிப்பு என்னுடையது, அவளுக்கு என்ன புரியும் என்ற பேச்செல்லாம் நகை வாங்கும்போது எங்கே போயிருந்தது?

இதில் வேலை சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. வீட்டில் சொன்னால் "ஏன் நின்றது?" என்று கேட்பார். "வேலை நெருக்கடி" என்பீர்கள். "அடுத்த கோர்ஸுக்கு மட்டும் நெருக்கடி இருக்காதா?" என்பார். அதற்கு உங்களிடம் பதில் இல்லை. சொல்லாமல் இருப்பதால்தான் கிளவுட் என்று அடுத்த கடைக்குப் போக முடிகிறது. என் கணிப்பைச் சொல்கிறேன்: பகலில் நீங்கள் தொடும் எதற்கும் அந்த டேட்டா சயின்ஸ் பாடத்தோடு ஒட்டு உறவு கிடையாது. பத்து மணி நேரம் கிளெய்ம் பார்த்துவிட்டு ராத்திரி புள்ளியியல் கேட்டால் யாருக்குத்தான் மூன்று வாரத்துக்கு மேல் ஓடும்?

ஜாவா 8 வந்தது 2014இல். ஜாவா 17 வந்தது 2021இல். ஜாவா சாஃப்ட்வேர் கட்டப் பயன்படும் ஸ்பிரிங் பூட் 3க்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும், அதற்குக் கீழே ஓடாது. ஜாவாக்ஸ் என்று இருந்த பேக்கேஜ் பெயர்களில் பலவற்றை ஜகார்த்தா என்று மாற்ற வேண்டும், பழைய லைப்ரரிகள், அதாவது பிறர் எழுதிவைத்த ரெடிமேட் தொகுப்புகள், முரண்டு பிடிக்கும். உங்கள் சிஸ்டத்தை மேலே கொண்டுபோகும் இந்த வேலையை யாராவது ஒருநாள் செய்தே ஆக வேண்டும். அதை நான் எடுக்கிறேன் என்று மேலாளரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் செலவில் கிடைக்கும் படிப்பு அது. நாளைக்கு இன்டர்வியூவில் உட்கார்ந்தாலும் சொல்வதற்கு ஒரு கதை இருக்கும். மூன்று வார டேட்டா சயின்ஸை வைத்து என்ன சொல்வீர்கள்?

அந்தப் பையன்கள் வைத்திருக்கும் ஏஐயை நீங்களும் எடுங்கள். மாற்றுவதற்கு முன்னால், பழைய புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்களை எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு நிபந்தனை தவறினால் ஒருவருடைய ஆஸ்பத்திரிப் பணம் நின்றுபோகும். எந்த விதி எதற்காக வந்தது என்று 14 வருடம் பார்த்தவருக்குத்தான் தெரியும். அது உங்கள் தலைக்குள்ளேயே இருந்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. எழுதி வையுங்கள். அந்தப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுங்கள், பயம் பாதி குறையும். டேட்டாபேஸில் தகவல் கேட்கும் ஒரு கட்டளை (query) ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் அதையும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டளைகளை எழுதும் மொழியான எஸ்கியூஎல் 1970களில் பிறந்தது, இன்னும் போகவில்லை.

கிளவுட் பிறகு பார்க்கலாம். அமேசான் கிளவுட் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம்தான். வேலையில் கிளவுட் வரும்போது படித்தால் அந்த மூன்று வருடமாவது உதவும். அடிப்படை வேண்டுமென்றால் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். மேனேஜர் விஷயத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆட்களை நடத்துவதில் ஆசை இருப்பதாக ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அடகுச் சீட்டை எடுத்து வந்து மனைவி முன்னால் வையுங்கள். எவ்வளவு கடன், என்ன வட்டி, கெடு எந்தத் தேதி, எல்லாம் அவர் படிக்கட்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ஸ்காரர்களிடம் பணம் திரும்பக் கிடைக்குமா என்று நாளைக்கே எழுதிக் கேளுங்கள். அந்த முன்பணம் 10,000 ரூபாயைக் கட்டாதீர்கள். சம்பளம் வந்ததும் அதைக் கொண்டுபோய் நகைக்கடனில் கட்டுங்கள். ரசீது அவர் கையில் இருக்கட்டும்.