நாலு வயது மகன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்ற பிள்ளைகளோடும் ஒட்டுவதில்லை. எப்படிப் பழக்குவது?

முதலில் காதைக் காட்டிவிடுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. என் மகன் எல்.கே.ஜி. படித்தபோது பள்ளி டைரியில் வாராவாரம் "கவனிப்பதில்லை" என்று எழுதி வரும். நானும் கத்தித் தீர்த்தேன், ஒருநாள் முதுகில் ஒன்று வைத்தும் விட்டேன். சளி பிடித்தால் லேசில் விடாத பிள்ளை. கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, பாதிதான் கேட்டிருக்கும் என்றார். வலி இல்லாததால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த வயதில் அடிக்கடி வருவதுதானாம், பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும். அவனுக்கும் சரியானது. அந்த அடிதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பேச்சும் வயதுக்கேற்ப வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

காது சரியான பிறகும் பையன் அப்படியே மாறிவிடவில்லை. அடுப்படியிலிருந்து நான் போடும் சத்தம் அவனுக்கு மிக்ஸி சத்தம் மாதிரிதான். பக்கத்தில் போய், குனிந்து, பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலை சொன்னால் செய்வான். "பல்லை விளக்கு, சட்டையை மாத்து, பையை எடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் பையோடு வந்து நிற்பான், சட்டை இல்லாமல்.

கேட்கப் பழக்கியது நானில்லை, என் அம்மா. கதை சொன்னால் அவன் "உம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். நடுவில் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். வடையைத் தூக்கிக்கொண்டு பூனை ஓடும். "இல்ல அம்மாச்சி, நரி!" என்று துள்ளுவான். பிறகு அவன் கதை சொல்ல, அம்மா உம் கொட்டுவார், அவன் எவ்வளவு உளறினாலும். அதைப் பார்த்து நானும் உட்கார்ந்தேன், கையில் போனோடு. ரெண்டே நிமிஷத்தில் "அம்மா, நீ சும்மா உம் சொல்ற" என்று பிடித்துவிட்டான்.

ஒட்டுவதில்லை என்பதற்கு அவ்வளவு பயப்படாதீர்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே எழுதியதுதான்: சின்னப் பிள்ளைகள் முதலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடும், சேர்ந்து விளையாடுவது மெல்ல வரும். கூட்டத்தில் தள்ளிவிடாமல் ஒரே ஒரு பிள்ளையை ஒரு மணி நேரம் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவனால் கொடுக்கவே முடியாத பொம்மையை முன்கூட்டியே பீரோவில் வைத்துவிடுங்கள். (எனக்கும்தான் எல்லாப் புடவையையும் இரவல் கொடுக்க மனசு வராது.) சைக்கிளுக்கு ஆளுக்குப் பத்துச் சுற்று, எண்ணுவது இறங்கி நிற்கிற பிள்ளை. எண்ணுகிற வேலை இருந்தால் அழுகை வருவதில்லை. நாலைந்து பேர் சேர்ந்தால் 'ஒரு குடம் தண்ணி' நல்ல விளையாட்டு. முன்னால் போகிறவரைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும், எத்தனாவது குடம் என்று காதும் திறந்திருக்க வேண்டும்.

சண்டை வரும். "அவன் என்கூட காய்" என்று வந்து நின்றதும் அந்தப் பையனின் அம்மாவுக்குப் போன் போட்டவள் நான். நாங்கள் இருவரும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டோம், பிள்ளைகள் அன்று சாயங்காலமே பழம் விட்டுவிட்டார்கள். "சாரி சொல்லு" என்று மிரட்டுவதையும் விட்டுவிட்டேன். சொன்னால் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வான், அவ்வளவுதான். ஒருமுறை, "நீ தள்ளிவிட்டப்போ அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டு, வாயைக் கோணிக் காட்டினான். வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது சட்டை நுனியெல்லாம் வெல்லப் பிசுக்கு. கடலைமிட்டாயைச் சட்டைக்குள் வைத்துக் காக்காக்கடி கடித்து அவனுக்குப் பாதி கொடுத்தானாம்.