கேள்வி – பதில்: மலையடிவாரத்தில் வீடு கட்டியவர்களுக்கு

கோடை நெருங்குவதாலோ என்னவோ, இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதிகளிலிருந்து, காட்டு உயிர்களைப் பற்றியே வந்திருக்கின்றன. ஒரே பொருளைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பு காப்புக்காட்டின் எல்லைக் கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சென்ற கோடையில் தண்ணீர் தேடி இறங்கிய புள்ளிமான் ஒன்றைத் தெருநாய்கள் துரத்தின. எங்கள் பிள்ளைகள் நாய்களை விரட்டி, மானைப் பிடித்துக் கட்டி, வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொன்னார்கள். பெரிய காயம் ஒன்றும் இல்லை. ஆயினும் வனத்துறையினர் வருவதற்குள் அது இறந்துவிட்டது. எங்கே தவறினோம்? இந்த ஆண்டு குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் என்ன செய்யலாம்?
– சத்துவாச்சாரி வாசகர்

நாய்களை விரட்டியது வரை நீங்கள் செய்தது சரி. மானைப் பிடித்ததுதான் அதன் உயிரைப் போக்கியிருக்கும். மான் ஓடித் தப்புவதற்கென்றே அமைந்த உடம்பு. உயிரச்சத்தில் முழு வேகத்தில் ஓடும்போது அதன் தசைகளில் அமிலம் சேர்கிறது, உடற்சூடு ஏறுகிறது. அந்த நிலையில் பிடித்துக் கட்டினால், ஓட முடியாத தவிப்பில் தசைகளே சிதையத் தொடங்கி, சிதைந்த பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்குகிறது. சில மான்கள் அங்கேயே சாகும். சில, காட்டில் விடப்பட்டு எல்லோரும் கைதட்டிய பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து யார் கண்ணிலும் படாமல் சாகும். சுற்றி நின்று படம் எடுப்பவரும், அன்போடு தடவிக் கொடுப்பவரும் மானின் கண்ணுக்கு வேட்டை விலங்குகளே. வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போவதும் உண்டு.

ஆகவே அடுத்த முறை நாய்களையும் மனிதர்களையும் விலக்கி, காட்டுப் பக்கம் வழியைத் திறந்து விடுங்கள். எழ முடியாமல் கிடந்தால் மட்டும் கண்களைக் கறுப்புத் துணியால் மூடி, நிழல் செய்து, சத்தமில்லாமல் காத்திருங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பிடிப்பதும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். முதல் தொலைபேசி அழைப்பு வனச்சரக அலுவலகத்துக்குப் போகட்டும்.

இனி, சங்கம் செய்ய வேண்டியது. மானைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் கோழிக்கடையைப் பற்றிக் கேட்கிறேன். உங்கள் பகுதியின் இறைச்சிக் கழிவும் கல்யாண மண்டபத்து மிச்சமும் இரவில் எங்கே கொட்டப்படுகின்றன? மலையடிவாரத்து ஓடையில் என்றால், அங்கே நாய்க்கூட்டம் பெருகுவதற்கான காரணமும் அதுவே. வயிறு நிறைந்த நாய்தான் கூட்டமாக மான் துரத்தும். பசித்த நாய்க்கு அவ்வளவு ஓட்டம் ஏது? நாய்களிடமிருந்து வெறிநோயும் வேறு தொற்றுகளும் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் பரவுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டு வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. தெருநாய்களுக்கு உணவிடும் இடத்தைக் குறிப்பதில் குடியிருப்போர் சங்கத்துக்கும் பங்கு உண்டு. அந்த இடம் காட்டு எல்லையிலிருந்து எட்டி, ஊரின் உட்பக்கம் இருக்கட்டும். கருத்தடையின் பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். கழிவை நிறுத்தினால் பலன் சில மாதங்களிலேயே தெரியும்.

மும்பை நகரத்தின் நடுவில், சுமார் 103 சதுர கிலோமீட்டர் பரப்பில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் ஓரத்துக் குடியிருப்புகளில் சிறுத்தை நடமாட்டம் அதிகம். சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறெங்காவது விடுவதே முன்பு வழக்கம். அதனால் தொல்லை குறையவில்லை. 2011-இல் தொடங்கி வனத்துறையும் நகரவாசிகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த முயற்சியில் மக்களுக்குச் சொல்லப்பட்டது மிக எளிய செய்தி: குப்பை இருந்தால் நாய் வரும், நாய் இருந்தால் சிறுத்தை வரும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் சிறுத்தை பற்றி எழுதிய வாசகர்களுக்கும் இதுவே என் விடை.

கடைசியாக ஒன்று. கோடையில் கொல்லைப்புறத்தில் தொட்டி கட்டி மானுக்குத் தண்ணீர் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அது மானை நாயிடம் அழைத்து வரும் வேலை. வனத்துறை காட்டுக்குள் தொட்டிகள் அமைத்து லாரியில் நீர் நிரப்புகிறது. உங்கள் நிதியை அவர்களைக் கேட்டு அங்கே செலவிடுங்கள். சங்கத்தின் பெயர்ப்பலகை அங்கே யார் கண்ணிலும் படாது என்பது உண்மைதான்.

வீட்டுக்குள் வரும் பாம்புகளை எங்கள் பகுதி இளைஞர் ஒருவர் பிடித்து, வெகுதூரம் கொண்டுபோய் அமிர்திக் காட்டில் விடுகிறார். நல்ல பணிதானே?
– பாகாயம் வாசகி

அடிப்பதைவிட நல்லது, அவ்வளவுதான் சொல்ல முடியும். பாம்புக்குத் தன் வளை, தன் எலி, தன் வழி தெரியும். முன்பின் தெரியாத இடத்தில் விட்டால் ஒளியவும் இரை தேடவும் திணறி, பல பாம்புகள் மடிந்துவிடுகின்றன. பயிற்சியும் வனத்துறையின் அனுமதியும் உள்ளவர் பிடித்து, அருகிலுள்ள புதரிலேயே விடுவது முறை. சாரைப்பாம்பு என்றால் அதன் வழியில் போக விடுவதே போதும். விறகுக் குவியலையும் செங்கல் அடுக்கையும் சுவரோரத்திலிருந்து அகற்றுங்கள், எலியை ஒழியுங்கள். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடி வலிக்காமலும் போகலாம். கட்டிலும் கொசுவலையும் அதற்குத் தக்க காப்பு. கடிபட்டால் கீறாமல், கயிறு கட்டாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் நாட்டில் மருந்து செய்யப் பெரும்பாலும் நஞ்சு எடுத்துக் கொடுப்பவர்கள், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு இழந்தவர்கள், தங்கள் அறிவை உயிர் காக்கும் தொழிலாக மாற்றிக்கொண்டார்கள். அவர்களும் பாம்பைக் கொல்வதில்லை. நஞ்சு எடுத்த பின் மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நம் மாவட்டத்திலும் இருளர் குடும்பங்கள் உண்டு. பாம்பு பற்றிய கூட்டம் நடத்தும் சங்கங்கள் அவர்களையும் மேடைக்கு அழைக்கலாம்.

எங்கள் ஏரியைத் தூர்வாரி, கரையைச் சுற்றி நடைபாதையும் விளக்குகளும் அமைத்து, 1,000 மரக்கன்றுகள் நட இளைஞர்கள் திட்டமிட்டிருக்கிறோம். 'அழகு செய்த ஏரிக்குக் கொக்கு வராது' என்கிறார் என் தந்தையார். இது வயதானவர்களின் மனக்குறை மட்டும்தானா?
– காட்பாடி வாசகி

உங்கள் தந்தையார் பறவைகளைக் கவனித்துப் பார்த்தவர் என்று தெரிகிறது. தூர்வாருதல் என்ற பெயரில் ஏரியை ஒரே ஆழத்துக்குக் கிண்ணம் போல வெட்டிவிட்டால், கணுக்கால் அளவு நீரிலும் சேற்றிலும் நடந்து மேயும் உள்ளானுக்கும் கொக்குக்கும் நத்தைகுத்தி நாரைக்கும் நிற்க இடமில்லை. ஏரியின் உள்வாயில் சரிவாக, சேறும் கோரையுமாக, நம் கண்ணுக்கு அலங்கோலமாகத் தெரியும் அந்தப் பகுதிதான் ஏரியின் சமையலறை. முக்குளிப்பானும் நாமக்கோழியும் கோரைப் புதரில் கூடு வைக்கும். அதைச் 'சுத்தம்' செய்தால் அவை போய்விடும். இரவு விளக்கு பறவையை உறங்க விடாது. ஆகாயத் தாமரையை அகற்ற வேண்டியதுதான்; ஆனால் அது வருவதற்குக் காரணம் கழிவுநீர் என்பதால், கழிவுநீர் வரும் கால்வாயை அடைக்காமல் அதை மட்டும் அள்ளிக்கொண்டிருந்தால் ஒவ்வோர் ஆண்டும் அள்ள வேண்டியதுதான்.

ஆகவே, திட்டத்தைக் கைவிட வேண்டாம், மாற்றுங்கள். ஆழப்படுத்துவது மதகுப் பக்கம் மட்டும் இருக்கட்டும், உள்வாயைத் தொடாதீர்கள். வெட்டிய மண்ணைக் கொண்டு நடுவில் ஓரிரு திட்டுகள் அமைத்து, அவற்றில் நாட்டுக் கருவேலம் நடுங்கள்; நீர் சூழ்ந்த கருவேல மரத்தில் நாயும் பூனையும் ஏறிவர முடியாது என்பதால் நாரைகளும் நீர்க்காகங்களும் அதை விரும்பும். நடைபாதை கரையின் ஒரு பக்கத்தோடு நிற்கட்டும். 1,000 கன்று என்ற எண்ணிக்கையில் எனக்கு மயக்கம் இல்லை. நட்ட நாளில் எடுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கன்றைக் கேட்பாரற்று விட்ட விழாக்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். 50 கன்று நட்டு மூன்று கோடைகள் தண்ணீர் ஊற்றுங்கள். வளர்ப்புக்குத் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது ஏரியில் விட்டால் உடனே மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். அது இருக்கும் நீரில் நாட்டு மீன் குஞ்சு தப்புவது அரிது.

ஊர் மக்கள் பறவை காப்பது நமக்குப் புதிதும் அன்று. வேடந்தாங்கல் விவசாயிகள், பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரமாவதைக் கண்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுட்ட துரைமார்கள் மீது கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுக் காப்பு ஆணை பெற்றார்கள். சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நம் பாலாற்றுப் பகுதியில், நாகநதிப் படுகையில் 100 நாள் வேலைத் திட்டப் பெண்கள் நீர் செறிவூட்டும் கிணறுகளும் சிறு தடுப்புகளும் கட்டியதைப் பலர் அறிவார்கள். அந்த வேலையை யாரும் காட்டுயிர்ப் பாதுகாப்பு என்று அழைக்கவில்லை. ஆனால் ஓடையில் ஈரம் நின்றால் மான் ஊருக்கு இறங்க வேண்டிய தேவை குறைகிறது.

ஐயா, நான் மூன்று ஏக்கரில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. சில நேரம் யானையும் வருகிறது. கம்பியில் கரண்ட் விட்டால் குற்றம் என்கிறீர்கள். நட்டத்தை யார் தருவது?
– குடியாத்தம் அருகிலிருந்து ஒரு விவசாயி

உங்கள் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. காட்டின் அழகை நகரத்தில் உள்ளவர் பேசுகிறார். அதன் செலவை நீங்கள் கட்டுகிறீர்கள். யானைகள் உங்கள் பக்கம் வரத் தொடங்கியது 1980-களில். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் கௌண்டின்யக் காட்டில் தங்கிவிட்ட கூட்டங்களிலிருந்து வருபவை அவை. அதற்கு முன்பு உங்கள் தாத்தா யானைக்குக் காவல் இருந்திருக்க மாட்டார். எனவே தலைமுறை அனுபவமும் கைகொடுக்காது.

ஆனால் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. 230 வோல்ட் இடைவிடாமல் பாயும்போது தசை இறுகி, தொட்டவர் கம்பியை விட முடியாமல் சாவார். அது பன்றியா, யானையா, விடியலில் தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் தம்பியா என்று கம்பிக்குத் தெரியாது. தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயும் அப்படியே. முறையான சோலார் வேலி வேறு வகை: ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒரு முறை, மிக மிகக் குறுகிய நேரத் துடிப்பாக மின்சாரத்தை விடுவதால், விலங்கு அதிர்ந்து விலகும், சாகாது. தமிழ்நாட்டில் இத்தகைய மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் 2023-இல் விதிகள் வந்திருக்கின்றன. புதிதாகப் போடுபவர் வனத்துறையில் கேட்டுப் போடுங்கள். தனித்தனியாகப் போடுவதைவிட ஒரு ஓடையோரத்துப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே வரிசையாகப் போட்டுப் பராமரித்தால் செலவும் குறையும், பன்றியைப் பக்கத்து நிலத்துக்குத் தள்ளிவிடும் சண்டையும் இராது. வேலிக்கடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் வடிந்துவிடும். வேலிகள் பழுதாவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

காட்டுப்பன்றி குறித்துத் தமிழக அரசு 2025 ஜனவரியில் முடிவு ஒன்றை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது. அதற்கும் அப்பால் வனத்துறையினரே சுடுவது. சுடும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். இழப்பீட்டுக்குப் பயிர் அழிந்த அன்றே, நிலத்தை மறுபடி உழுவதற்கு முன், படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரகத்திலும் எழுத்தில் கொடுங்கள். தாமதமாகக் கொடுத்த மனுவுக்கு ஆதாரம் கேட்பார்கள். வயலில் அப்போது ஆதாரம் இருக்காது.

ஏலகிரி சாலையில் குரங்குகளுக்குப் பழம் போடுவது புண்ணியம் இல்லையா?
– திருப்பத்தூர் வாசகர்

சாலையில் போட்ட பழம் குரங்கைச் சாலைக்கு வரவழைக்கிறது. வண்டி அதன் மேல் ஏறுகிறது. பழத்தைக் கொண்டுபோய் உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

எங்கள் சங்கத்தில் 20 பேர்தான். மனு கொடுத்தால் யார் மதிப்பார்கள்?
– ராணிப்பேட்டை வாசகர்

இந்தக் கேள்வியை வேறு எந்த ஊர்க்காரர் கேட்டிருந்தாலும் ஆறுதல் சொல்லியிருப்பேன். பாலாற்றில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதையும், கேடு வருவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்பதையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. சட்டக் கல்லூரி மாணவர் எவரைக் கேட்டாலும் 'வேலூர் வழக்கு' என்பார். பாலாறு அதனால் மீண்டுவிட்டதா என்றால் இல்லை. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் மனுவை மதிக்க வைத்தது, அதனுடன் இருந்த சான்று.

சான்று சேர்ப்பதற்கு உங்களுக்கு வழி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது, ஊரில் உள்ள செடிகொடிகளையும் உயிரினங்களையும் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தொகுக்க வேண்டும். உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் தூசி தட்டித் தருவார்கள். சில இடங்களில் தேடுவார்கள். அதை நிரப்பும் பணியைக் கேட்டு வாங்குங்கள். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு காலை நின்று எண்ணுங்கள். ஆண்டுதோறும் அதே இடம், அதே நேரம். எந்த ஓடையில் எந்த மாதம் மான் இறங்கியது, எந்தத் திறந்த கிணற்றில் எது விழுந்தது, அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினார்களா, எந்தக் கடையின் கழிவு எந்தப் பாலத்துக்கடியில் கொட்டப்படுகிறது ஆகியவற்றைத் தேதியும் நேரமும் போட்டு, 20 பேரும் ஒரே நோட்டில் எழுதுங்கள். மனுவை அதன் பிறகு எழுதலாம்.